நிணநீர் முடிச்சு இல்லாத உடல்: மீன்கள் நோயை எப்படி எதிர்க்கின்றன?

2011-இல் அட்லாண்டிக் காட் மீனின் மரபணுத் தொகுதியை நார்வே விஞ்ஞானிகள் படித்து வெளியிட்டார்கள். அதில் இருந்தவற்றைவிட இல்லாதவைதான் எல்லோரையும் திகைக்க வைத்தன. கிருமியின் துண்டுகளைச் செல்லின் மேற்பரப்பில் தூக்கிக் காட்டும் எம்எச்சி-2 என்ற புரதம் காட் மீனுக்குக் கிடையாது. அதைப் பார்த்துப் படைதிரட்டும் சிடி4 என்ற வெள்ளையணு வகைக்கு அடையாளமான மரபணுவும் கிடையாது. எச்ஐவி வைரஸ் மனித உடலுக்குள் புகுந்து அழிப்பது இதே சிடி4 செல்களைத்தான். அவை ஓர் அளவுக்குக் கீழே போனால், ஆரோக்கியமான ஆளை ஒன்றும் செய்யாத பூஞ்சை கூட நோயாளியின் நுரையீரலை நிரப்பிவிடும். நம்மில் ஒருவருக்கு இல்லாமல் போனால் எய்ட்ஸ் என்ற நிலைக்குக் கொண்டு போகும் ஒரு பகுதி, இந்த மீனுக்குப் பிறப்பிலிருந்தே இல்லை. ஆனாலும் வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீரில் அது நன்றாகவே வாழ்கிறது.

அப்புறம் 2016-இல், காட் மீன் மட்டுமல்ல, அதன் வரிசையைச் சேர்ந்த மீன்கள் எல்லாமே இப்படித்தான் என்று தெரிந்தது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பொது மூதாதையிடமே இந்த இழப்பு நடந்துவிட்டது. 10 கோடி ஆண்டுகள் தாக்குப்பிடித்த உடலைக் குறையுள்ள உடல் என்று சொல்ல முடியாது. அது வேறு வழியில் ஈடுகட்டியிருக்கிறது. வைரஸ் புகுந்த செல்லைக் காட்டிக்கொடுக்கும் எம்எச்சி-1 மரபணுக்களில் மனிதனுக்கு முக்கியமானவை மூன்று. காட் மீனிடம் ஏறத்தாழ நூறு இருக்கின்றன. கிருமிகளின் பொது அடையாளங்களை உணரும் டோல் வகை ஏற்பிகளும் அதனிடம் பெருகிக் கிடக்கின்றன.

பள்ளியில் நாம் படிக்கும் நோய் எதிர்ப்பு மண்டலம் எலியையும் மனிதனையும் வைத்து எழுதப்பட்டது. அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு மீனைப் பார்ப்பவர்கள், 'இது இல்லை, அது இல்லை' என்று எண்ணி, மீனுடையது முதிராத அமைப்பு என்று முடித்துவிடுவார்கள். வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். என் எண்ணம் வேறு. இரண்டுமே ஒரே பழைய கருவிகளைக் கொண்டு, வெவ்வேறு வாழ்க்கைக்காக அமைந்தவை. ஒன்று வெப்பம் மாறாத உடலில், காற்றில் வாழ்கிறது. மற்றது தண்ணீர் எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு தானும் குளிர்ந்து, கிருமிகளுக்கு நடுவிலேயே நீந்துகிறது. இதை மனதில் வைத்துப் பார்த்தால் வித்தியாசங்கள் பலவற்றுக்கும் காரணம் தெரியும்.

முதலில் பொதுவானவை. நோய் எதிர்ப்பில் இரண்டு அடுக்குகள் உண்டு. பிறவியிலேயே தயாராக இருப்பது ஒன்று. எந்தக் கிருமி என்று விசாரிக்காது. அந்நியம் என்று தெரிந்தால் பாயும். இன்னொன்று, குறிப்பிட்ட கிருமியைப் பார்த்த பிறகு அதற்கென்றே உருவாகி, பல சமயம் நினைவிலும் வைத்துக்கொள்வது. முதல் அடுக்கு கிட்டத்தட்ட எல்லா விலங்குகளுக்கும் இருக்கிறது. 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் விலங்கியலாளர் இலியா மெட்சினிகாஃப் கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் இளம்புழுக்களின் உடலில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்திருந்தன. கிருமியை விழுங்கும் செல்கள் என்ற கருத்து அங்கிருந்துதான் வளர்ந்தது. 1908-இல் அவருக்கும் பால் எர்லிக்குக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

உடலைக் கிழிக்காமலே உள்ளே நடப்பதைப் பார்க்கும் அந்த உத்தி இன்று ஜீப்ரா மீனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. கங்கைப் படுகையின் ஓடைகளிலும் வயல்களிலும் திரியும், நம் கொளத்தூர் வண்ணமீன் கடைகளிலும் கிடைக்கும் அதே கோடு போட்ட சின்ன மீன். அதன் குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும். அதைவிட முக்கியமான ஒரு வசதியும் உண்டு: பிறந்து முதல் சில வாரங்களுக்கு அதற்கு இரண்டாவது அடுக்கு வேலை செய்யாது. ஆகவே முதல் அடுக்கு தனியாக என்ன செய்கிறது என்று பார்க்கலாம். எலியில் இதைச் செய்ய மரபணுவை வெட்டி ஒட்ட வேண்டும்.

லலிதா ராமகிருஷ்ணனின் ஆய்வுக்குழு இந்த வசதியை வைத்துக் காசநோயைப் பற்றிய ஒரு பெரிய நம்பிக்கையையே அசைத்தது. காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவான மைக்கோபாக்டீரியம் மெரினம் மீன்களைத் தாக்கும். அதை மீன் குஞ்சுக்குள் செலுத்தினால், மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள் அதை விழுங்கி, ஒன்றோடு ஒன்று திரண்டு கட்டியாகும். காசநோயாளியின் நுரையீரலில் காண்கிற அதே வகைக் கட்டி, கிரானுலோமா. கிருமியைச் சுற்றி உடல் எழுப்பும் சுவர் இது என்றும், இரண்டாவது அடுக்கு செயல்பட்டால்தான் இது உருவாகும் என்றும் புத்தகங்கள் சொல்லிவந்தன. 2002-இல் அவர்கள் காட்டியது, இரண்டாவது அடுக்கே இல்லாத குஞ்சிலும் கட்டி தோன்ற ஆரம்பிக்கிறது என்பது. 2009-இல் இன்னும் ஒரு படி போனார்கள். தொடக்கக் கட்டியில் கிருமி தாங்கிய செல் சாகிறது. அதைச் சுத்தம் செய்யப் புதிய மேக்ரோஃபேஜ்கள் வருகின்றன. செத்த செல்லை விழுங்கும்போது கிருமியையும் வாங்கிக்கொள்கின்றன. அதாவது சுவர் என்று நினைத்ததைக் கிருமி ஆரம்ப நாட்களில் தன் பெருக்கத்துக்கே பயன்படுத்திக்கொள்கிறது. இந்தியாவில் இன்றும் இவ்வளவு பேரைக் கொல்லும் ஒரு நோயைப் பற்றிய இந்தத் தெளிவு, நகத்தைவிடச் சிறிய ஒரு மீன் குஞ்சின் உடலில் கிடைத்தது என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு குறைவதில்லை.

இனி இரண்டாவது அடுக்கு. மனிதனிடம் மொத்தமாகவே சுமார் 20,000 மரபணுக்கள்தான் புரதம் செய்கின்றன. ஆனால் கோடிக்கணக்கான வெவ்வேறு ஆன்டிபாடிகளை அவனால் உண்டாக்க முடிகிறது. எப்படி? 1976-இல் சுசுமு டொனேகவா விடையைக் காட்டினார். ஆன்டிபாடிக்கு முழு மரபணு என்று ஒன்று இல்லை, துண்டுகள்தான் இருக்கின்றன. ஆன்டிபாடி செய்யும் வெள்ளையணுவான பி செல் ஒவ்வொன்றும் முதிரும்போது அந்தத் துண்டுகளில் சிலவற்றை எடுத்து, இடையில் உள்ளதை வெட்டி எறிந்து, ஒட்டிக்கொள்கிறது. ஒரே புள்ளிகளை வைத்து ஆயிரம் விதமாகக் கோலம் இழுப்பது போல, ஒரே துண்டுகளிலிருந்து செல்லுக்கு ஒரு வடிவம். சிடி4 செல்களையும் உள்ளடக்கிய இன்னொரு வெள்ளையணு வகையான டி செல்களின் ஏற்பியும் இப்படித்தான் உருவாகிறது. கண்மூடித்தனமாகச் செய்வதால் நம் உடலையே தாக்கும் வடிவங்களும் வந்துவிடும். டி செல்களைப் பொறுத்தவரை அவற்றைச் சலித்து ஒழிக்கும் இடம் தைமஸ் என்ற உறுப்பு. அங்கே நுழையும் செல்களில் மிகச் சிறு பங்குதான் உயிரோடு வெளியே வரும்.

இந்த வெட்டி ஒட்டும் வேலையைச் செய்வது ராக்-1, ராக்-2 என்ற இரண்டு புரதங்கள். இவை ஒரு காலத்தில் மரபணுத் தொகுதிக்குள் தாவித் திரிந்த ஒரு துண்டிலிருந்து வந்தவை. தாடை உள்ள முதுகெலும்பிகள் தோன்றிய காலத்தில், சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்தத் தாவும் துண்டு நோய் எதிர்ப்பு வேலைக்கு வந்துவிட்டது. சுறா, திருக்கை, கெண்டை, தவளை, கோழி, பசு, நாம் எல்லோரும் அந்த ஒரே சொத்தில் வாழ்கிறோம். மீனிடமும் பி செல் உண்டு, டி செல் உண்டு, தைமஸ் உண்டு. மீனின் தைமஸ் செவுள் அறையின் மேல்புறம் ஒட்டியிருக்கும்.

தாடை இல்லாத மீன்களின் கதை இன்னும் சுவாரசியம். லாம்ப்ரே என்ற விலாங்கு போன்ற பிராணி மற்ற மீன்களில் வாயை ஒட்டி ரத்தம் குடிக்கும். அதற்கு ராக் கிடையாது. நம் வகை ஆன்டிபாடியும் கிடையாது. ஆனால் தடுப்பூசி போன்றதைச் செலுத்தினால் குறிப்பிட்ட கிருமிக்கு எதிர்வினை காட்டும். இது பல்லாண்டுகளாக யாருக்கும் விளங்காமல் இருந்தது. 2004-இல் மேக்ஸ் கூப்பரின் குழு கண்டுபிடித்தது: லாம்ப்ரே வேறொரு புரதக் குடும்பத்தை எடுத்துக்கொண்டு, அதன் துண்டுகளைக் கோத்துத் தனக்கென்று எண்ணற்ற ஏற்பிகளை உருவாக்கியிருக்கிறது. துண்டுகளைக் கலைத்துச் சேர்க்கும் யோசனை ஒன்று. பொருள் முற்றிலும் வேறு. ஒரே தேவைக்கு இயற்கை இரண்டு தனித்தனி விடை எழுதியிருக்கிறது.

சரி, இவ்வளவு பொதுவாக இருக்கிறது என்றால் வேறுபாடு எங்கே? உடலை அறுத்துப் பார்த்தாலே தெரியும். தொண்டை புண்ணானால் நமக்குக் கழுத்தில் நெறி கட்டும். அது நிணநீர் முடிச்சு வீங்குவது. அந்த முடிச்சுக்குள் கிருமியின் துண்டுகளும் டி செல்லும் பி செல்லும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. மீனுக்கு நெறி கட்டாது. நிணநீர் முடிச்சே இல்லை. எலும்பு இருக்கிறது, ஆனால் அதற்குள் ரத்த அணுக்களைச் செய்யும் மஜ்ஜை இல்லை. அந்த வேலையைச் செய்வது சிறுநீரகம். மீன் கழுவியவர்களுக்கு அது தெரிந்த உறுப்புதான்: குடலை எடுத்த பிறகு முதுகெலும்புக்கு அடியில் கருஞ்சிவப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் சுரண்டி எடுக்கிற அந்தப் பட்டை. அதன் தலைப்பக்கத்துப் பகுதி சிறுநீர் வடிகட்டும் வேலையை விட்டுவிட்டு, வெள்ளையணுக்களையும் சிவப்பணுக்களையும் உண்டாக்குகிறது. ஆன்டிபாடி சுரக்கும் செல்களும் அங்கே தங்குகின்றன. மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் சுரக்கும் செல்களும் அதே தலைச் சிறுநீரகத்தில்தான் இருக்கின்றன. நெருக்கமாக அடைத்து வைத்த மீன், அடிக்கடி வலையில் அள்ளப்பட்ட மீன் ஏன் உடனே நோயில் விழுகிறது என்று கேட்பவர்களுக்கு இந்த நெருக்கம் ஒரு முக்கியமான தடயம்.

சிவப்பணுவிலும் வித்தியாசம் உண்டு. நம் சிவப்பணு தன் உட்கருவைத் தூக்கி எறிந்துவிட்டு, ஆக்சிஜன் சுமக்கும் பையாக மட்டும் வாழும். மீனின் சிவப்பணுவில் உட்கரு அப்படியே இருக்கும். அதனால் வைரஸ் வந்தால் மரபணுக்களை இயக்கிப் பதில் கொடுக்க அதனால் முடியும். பி செல்லும் அப்படித்தான். பாலூட்டிகளில் பி செல்லின் தொழில் ஆன்டிபாடி என்று நினைத்திருந்த நிலையில், டிரௌட் போன்ற மீன்களின் பி செல் கிருமியை விழுங்கிச் செரிக்கவும் செய்கிறது என்று 2006-இல் தெரிந்தது. அதற்குப் பிறகு தேடிப் பார்த்ததில் எலியின் சில வகைப் பி செல்களிடமும் அந்தக் குணம் கிடைத்தது. மீனைப் பார்த்ததால் நம்மைப் பற்றித் தெரிந்துகொண்ட விஷயங்களில் இதுவும் ஒன்று.

இப்போது தோலுக்கு வருவோம். ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் சாதாரணமாகவே பத்து லட்சம் பாக்டீரியாக்களும் ஒரு கோடி வைரஸ் துகள்களும் மிதக்கும். மீன் அதையே சுவாசிக்கிறது, அதிலேயே கிடக்கிறது. நம் தோலின் வெளிப்பகுதி செத்த செல்களால் ஆன உலர்ந்த கவசம். மீனின் தோலில் வெளிப்புறச் செல்லும் உயிருள்ளது. செதில் அதற்கு அடியில்தான் இருக்கிறது. உயிருள்ள மேற்பரப்பைக் காப்பது அந்த வழவழப்பான கோழை. கையில் பிடித்தால் நழுவுகிறதே, அதில் பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம் இருக்கிறது, கிருமியைத் துளைக்கும் சிறு புரதங்கள் இருக்கின்றன, ஆன்டிபாடியும் இருக்கிறது. கோழை ஓயாமல் சுரந்து ஓயாமல் கழன்று போவதால் ஒட்டிய கிருமியும் கூடவே போய்விடும். காய்ந்த கையால் மீனைப் பிடிக்காதே, கையை நனைத்துக்கொள் என்று பண்ணைகளில் சொல்வது இதற்காகத்தான். கோழை உரிந்த இடத்தில் பஞ்சு மாதிரிப் பூஞ்சை படரக்கூடும்.

இந்தக் கோழையில் உள்ள ஆன்டிபாடியைப் பற்றி நீண்ட காலம் தவறாகவே நினைத்திருந்தோம். பாலூட்டிகளின் குடலிலும் மூச்சுப்பாதையிலும் தாய்ப்பாலிலும் காவல் நிற்பது ஐஜிஏ என்ற வகை. மீனிடம் ஐஜிஏ இல்லை. ஐஜிஜி இல்லை, ஒவ்வாமைக்குப் பேர்போன ஐஜிஇ-யும் இல்லை. ஐஜிஎம் என்ற பழைய வகைதான் எல்லா இடத்துக்கும் என்று எண்ணினார்கள். 2005-இல் வானவில் டிரௌட்டிலும் ஜீப்ரா மீனிலும் யாரும் எதிர்பாராத ஒரு புது ஆன்டிபாடி கிடைத்தது. டிரௌட்டில் அதற்கு ஐஜிடி (IgT) என்று பெயர். நம் நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட டிரௌட்டின் இனம்தான் இது. அது எதற்கு என்பது ஐந்து ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஓரியால் சுன்யேரின் குழு, குடலைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணிக்கு ஆளான டிரௌட்டுகளை ஆராய்ந்தது. ரத்தத்தில் ஒட்டுண்ணிக்கு எதிராக ஐஜிஎம் ஏறியிருந்தது. குடல் கோழையிலோ ஐஜிடி. குடலில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்களின் மேலும் ஐஜிடியே பெரும்பாலும் பூசியிருந்தது. நமக்கு ஐஜிஏ செய்கிற வேலையை அங்கே ஐஜிடி செய்கிறது. இரண்டுக்கும் நேரடி உறவு இல்லை. ஈரமான மேற்பரப்புக்கு என்று தனி ஆன்டிபாடி வேண்டும் என்ற தேவை இரண்டு வம்சங்களிலும் தனித்தனியாகப் பூர்த்தியாகியிருக்கிறது. எல்லா மீனுக்கும் இது பொருந்தும் என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் பெருமளவு வளர்க்கும் சேனல் கெளுத்தியிடம் ஐஜிடி இல்லை. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களை 'மீன்' என்று ஒரே சொல்லில் அடக்குகிறோம் என்பதை இந்தத் துறையில் அடிக்கடி நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆன்டிபாடியின் தரத்தில் பாலூட்டிகளுக்குத்தான் முன்னிலை, அதை மறுக்க முடியாது. நம் நிணநீர் முடிச்சில் பி செல்கள் பெருகும்போது ஆன்டிபாடி மரபணுவில் வேண்டுமென்றே பிழைகள் உண்டாக்கப்படுகின்றன. கிருமியை இன்னும் இறுக்கிப் பிடிக்கும் வடிவம் தேர்ந்தெடுக்கப்பட்டு வளர்கிறது. இரண்டாம் தடவை தடுப்பூசி போட்டதும் கிடைக்கும் வீரியம் பெரும்பாலும் இங்கிருந்து வருகிறது. பிடிப்பின் வலிமை நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு கூட ஏறும். மீனில் இந்த ஏற்றம் குறைவு, இரண்டாம் தடவையின் எதிர்வினையும் அவ்வளவு வேகமாக இருப்பதில்லை. முடிச்சு இல்லாததால் இந்தத் தேர்வு நடக்க இடமே இல்லை என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. ஆனால் 2023-இல் டிரௌட்டின் மண்ணீரலில், நோய்த்தொற்றுக்குப் பின் பி செல்களும் டி செல்களும் திரண்டு, பெருகி, தேர்ந்தெடுக்கப்படும் சிறு திரட்டுகளை சுன்யேரின் குழுவே அடையாளம் கண்டது. இல்லை என்று அறிவிக்கும் முன் எங்கே தேடினோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சுறாவைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் ஒரு வகை ஆன்டிபாடியில், வழக்கமாக இருக்கும் இலகு சங்கிலி என்ற சிறிய புரத இழை இல்லை. கன சங்கிலி என்ற பெரிய இழை மட்டுமே. 1995-இல் இது வெளிவந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால்தான் ஒட்டகத்திடம் இதே மாதிரி ஒன்றை பெல்ஜிய ஆய்வாளர்கள் கண்டிருந்தார்கள். பிடிக்கும் நுனி மிகச் சிறிதாக இருப்பதால், பெரிய ஆன்டிபாடி நுழைய முடியாத இடுக்குகளில் இவை பிடிக்கும். ஒட்டகக் குடும்பத்து ஆன்டிபாடியைச் சார்ந்த மருந்துகள் இப்போது மருத்துவமனைக்கே வந்துவிட்டன.

ஆழ்கடல் தூண்டில் மீன்கள் வேறொரு எல்லைக்குப் போனவை. இருட்டில் துணை கிடைப்பது அரிது என்பதால், சில இனங்களில் குட்டி ஆண் மீன் பெண்ணைக் கடித்து ஒட்டிக்கொள்ளும். தோல் சேர்ந்து, ரத்த ஓட்டமும் ஒன்றாகிவிடும். மனிதனில் இப்படி இன்னொருவர் திசுவை வைத்தால் உடல் நிராகரிக்கும். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் வாழ்நாள் முழுக்க மருந்து சாப்பிடுவது அதனால்தான். 2020-இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டார்கள். நிரந்தரமாக ஒட்டும் இனங்களில் ஆன்டிபாடியைச் செம்மைப்படுத்தும் மரபணு போய்விட்டிருந்தது. சில இனங்களில் ராக் மரபணுக்களே இல்லை. இரண்டாவது அடுக்கை முழுசாகக் கைவிட்டும் கடலாழத்தில் பிழைத்திருக்கின்றன. எதை வைத்துச் சமாளிக்கின்றன என்பதே இந்தத் துறையில் நான் மிகவும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் பதில்.

வெப்பநிலையைப் பேசாமல் மீனின் எதிர்ப்பைப் பேச முடியாது. நமக்குக் காய்ச்சல் வந்தால் மூளை உடலின் வெப்ப இலக்கையே உயர்த்திவிடும். மீன் அப்படிச் சூடேற்றிக்கொள்ள முடியாது. ஆனால் நீந்திப் போகலாம் அல்லவா? பெல்ஜியத்தின் லீஜ் பல்கலைக்கழகத்தில் 24, 28, 32 டிகிரி என மூன்று அறைகள் கொண்ட தொட்டியில் கெண்டைகளை விட்டார்கள். ஆரோக்கியமான கெண்டை 24 டிகிரியில் இருந்தது. கெண்டை ஹெர்பஸ் வைரஸ் தொற்றியவை சில நாட்களில் 32 டிகிரி அறைக்கு இடம்பெயர்ந்தன. அந்த வெப்பத்தில் வைரஸால் பெருக முடியாது, மீன்கள் பிழைத்தன. 24-ஐ விட்டுப் போகவிடாமல் அடைத்தால் செத்தன. 2017-இல் வெளியான அந்த ஆய்வில் இன்னொரு திருப்பமும் இருந்தது. மீனைச் சூடான இடத்துக்கு விரட்டும் சமிக்ஞை டிஎன்எஃப் என்ற புரதம். நம் காய்ச்சலிலும் அதற்குப் பங்குண்டு. வைரஸ் அந்தப் புரதத்தைப் பிடித்து முடக்கும் போலி ஏற்பி ஒன்றைச் சுரந்து, இடம்பெயர்வைத் தள்ளிப்போடுகிறது. காய்ச்சல் என்பது வெப்பரத்த விலங்குகளோடு பிறந்ததல்ல, அதைவிட மிகப் பழையது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. முன்பு சொன்ன மைக்கோபாக்டீரியம் மெரினம் சுமார் 30 டிகிரியில் செழிக்கும், 37 டிகிரி அதற்கு ஒத்துவராது. அதனால் மீன்தொட்டி கழுவுபவர்களுக்கு அது தொற்றினால் பெரும்பாலும் விரலிலும் முன்கையிலும், உடலின் குளிர்ந்த ஓரங்களில்தான், ஆறாத கட்டியாக நிற்கும். வெதுவெதுப்பான உடலே ஒரு தடுப்பு என்பது அப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

குளிர்நீர் மீனில் ஆன்டிபாடி எழ நாட்கள் ஆகும் என்பதை நார்வேயின் சால்மன் பண்ணைகள் கணக்குப் போட்டே நடத்துகின்றன. 1987-இல் அந்த நாட்டின் பண்ணைகள் கிட்டத்தட்ட 50 டன் ஆன்டிபயாட்டிக் கொட்டின. இன்று உற்பத்தி பல மடங்கு பெருகிப் பத்து லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது, மருந்தோ ஒரு டன்னுக்கும் கீழ். பண்ணைகளைப் பிரித்து வைத்தது, வலைக்கூண்டுகளைச் சும்மா விட்டு ஆறவைத்தது எல்லாம் உதவின என்றாலும், பெரிய காரணம் தடுப்பூசி. நன்னீர்த் தொட்டியில் வளர்ந்த இளம் சால்மனைக் கடலுக்கு அனுப்பும் முன் மயக்கமருந்து கலந்த நீரில் போட்டு, ஒவ்வொன்றின் வயிற்றிலும் 0.1 மில்லி அல்லது அதற்கும் குறைவாக, எண்ணெயில் கலந்த ஊசியைப் போடுகிறார்கள். இயந்திரம் மணிக்குப் பல ஆயிரம் மீன்களுக்குப் போடும். ஊசி போட்டதும் கடலில் விடக் கூடாது. நீரின் வெப்பநிலையை நாட்களால் பெருக்கி வரும் எண் 500-ஐ ஒட்டி வரவேண்டும்: 10 டிகிரி நீர் என்றால் 50 நாள், 5 டிகிரி என்றால் 100 நாள். எண்ணெய் ஊசிக்கு விலையும் உண்டு. சில மீன்களுக்கு வயிற்றுக்குள் உறுப்புகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஆன்டிபயாட்டிக்கைக் கடலில் கரைப்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஊசி போடுவதற்கு மீன் ஓரளவு வளர்ந்திருக்க வேண்டும். பிரச்சினை அங்கேதான். பாலூட்டிக் குட்டிக்குத் தாய் தன் ஆன்டிபாடியைக் கொடுத்தனுப்புகிறாள். மனிதக் குழந்தைக்குத் தாயின் ஐஜிஜி நச்சுக்கொடி வழியே வந்துவிடும். பசுவின் நச்சுக்கொடி அதை விடாது. கன்று ஏறக்குறைய வெறுங்கையோடு பிறக்கிறது. ஆகவே முதல் நாளுக்குள், அதுவும் முதல் சில மணி நேரத்துக்குள், சீம்பால் உள்ளே போக வேண்டும். ஒரு நாள் தாண்டினால் கன்றின் குடல் ஆன்டிபாடியை அப்படியே உறிஞ்சாது. மீன் தாய் முட்டைக் கருவில் கொஞ்சம் ஐஜிஎம் வைத்து அனுப்பும். அது சில நாட்களில் தீர்ந்துவிடும். டிஸ்கஸ் போன்ற சில மீன்கள் விதிவிலக்கு மாதிரி; பெற்றோரின் உடல் கோழையைக் குஞ்சுகள் கொறித்துத் தின்னும், அந்தக் கோழையில் ஆன்டிபாடி உண்டு. மற்றபடி முட்டைக் கரு தீர்ந்ததிலிருந்து சொந்த டி செல், பி செல் தயாராகும் வரையிலான சில வாரங்கள், குஞ்சு முதல் அடுக்கை மட்டுமே நம்பி வாழ வேண்டும்.

கொடுவா வளர்ப்பவர்களுக்கு இந்த இடைவெளி என்ன என்று நன்றாகத் தெரியும். நோடா வைரஸ் குஞ்சுகளின் மூளையையும் விழித்திரையையும் அரிக்கும். சுழன்று சுழன்று நீந்திக் கூட்டம் கூட்டமாகச் சாகும். சில நாள் வயதுக் குஞ்சுக்குத் தடுப்பூசி போட்டு என்ன பயன்? அதைப் படிக்கும் செல்களே இன்னும் வரவில்லை. அதனால் தாய்மீன்களுக்குப் போட்டு முட்டை வழியாக வைரஸ் இறங்குவதைக் குறைப்பதும், விரலளவு வளர்ந்த பிறகு குஞ்சுகளுக்குப் போடுவதும்தான் அறிவுள்ள வழி. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமான சிபா இந்த நோய்க்கு நோடாவாக்-ஆர் என்ற தடுப்பூசியை உருவாக்கியிருக்கிறது.

அதே கடற்கரையில், பக்கத்துக் குளத்தில் வனாமி இறால் வளர்ப்பவர், 'எங்களுக்கும் ஒரு ஊசி கொடுங்கள்' என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். இறால் முதுகெலும்பி அல்ல. ராக் இல்லை, ஆன்டிபாடி இல்லை, டி செல்லும் இல்லை. கிருமியைச் சூழ்ந்து கருமையாக்கிக் கொல்லும் செல்களும் நொதிகளும்தான் அதன் பலம். 1990-களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் தமிழகத்தின் டைகர் இறால் குளங்களைக் காலி செய்தபோது, கோழிக்கும் மாட்டுக்கும் போடுவது போன்ற ஊசி எதுவும் கையில் இல்லை. இன்றும் அந்த அர்த்தத்தில் இல்லை. ஆகவே இறாலில் எல்லாக் கவனமும் கிருமியை உள்ளே விடாமல் இருப்பதில்தான். 2009-இல் வனாமிக்கு அனுமதி வந்தபோது, குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லை என்று சான்றளித்த தாய் இறால்களைத்தான் வெளிநாட்டிலிருந்து இறக்க வேண்டும் என்றும், அவை சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் சோதனை முடிந்தே பொரிப்பகங்களுக்குப் போக வேண்டும் என்றும் விதி செய்தார்கள். குஞ்சு வாங்கும்போது பிசிஆர் சோதனைச் சீட்டைக் கேட்பது, நண்டு ஏறாமல் குளத்தைச் சுற்றி வேலி போடுவது, பறவை இறங்காமல் குளத்துக்கு மேலே கயிறு கட்டுவது எல்லாம் அதே காரணத்துக்காகத்தான். கொடுவா வளர்ப்பவர் மீனின் உடலுக்குள் ஒரு நினைவை உண்டாக்கப் பார்க்கலாம். இறால் வளர்ப்பவர் குளத்தின் கரையிலேயே காவல் நிற்க வேண்டும்.